மூன்றாவது சரி

உப்பளங்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஊரில், மீனுக்கு ஐஸ் உடைத்துத் தரும் கம்பெனியின் மாடியில், மூன்று பேர் ஒரே ஆளாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். அந்த மூவரில் ஒருவன் நான், பெயர் சவரிராயன். மற்ற இருவர் குமுதவல்லியும் இத்ரீசும். கீழே பகல் முழுக்க ஐஸ் நொறுங்கிக்கொண்டிருக்கும், எங்கள் காலடியில் தரை சித்திரை மாதத்திலும் குளிர்ந்திருக்கும், அந்தக் குளிரில் கால்களை நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டிருப்போம்.

அதற்கு முன் நாங்கள் தனித்தனி ஆட்கள். நான் இயந்திரங்களின் கையேடுகளையும், குமுதவல்லி கோர்ட்டுக் காகிதங்களையும், இத்ரீஸ் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாள்களையும் மொழிபெயர்த்துப் பிழைத்தோம். சென்னையில் ஒரு ஏஜென்சி ஒரே வேலையை மூவருக்கும் அனுப்பி, உங்கள் ஊரிலேயே ஒருவர் இதைவிடக் குறைவாகச் செய்கிறார் என்று மூவரிடமும் சொல்லி, மூவரையும் படிப்படியாக இறக்கிக்கொண்டே போனது. ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தபோது, சாம்பார் வருவதற்குள் அந்தச் சூட்சுமம் வெளியே வந்துவிட்டது.

"அந்தக் கொறஞ்ச ரேட்டுக்காரர் நீங்கதானா அண்ணாச்சி?" என்றான் இத்ரீஸ்.

"நான் உன்னையில்லா நெனச்சிட்டிருந்தேன்."

"ரெண்டு பேரும் இல்ல, நாந்தான்," என்றாள் குமுதவல்லி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "என்னைவிடக் கொறைய எவன் செய்தான்னுதான் நானும் தேடிட்டிருந்தேன்."

இலையை மடிப்பதற்குள் நாங்கள் கூட்டாளிகள் ஆனோம். ஒருவர் கேட்ட கூலிக்குக் கீழே மற்றவர் கேட்பதில்லை என்று பேசிக்கொண்டோம், ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒருவர் எழுதிய தமிழையே மற்ற இருவரும் எழுத ஒரு பொது நோட்டுப் போட்டோம். ஆனால் எங்களை வாழவைத்தது வேலையை முடிக்கும் முறைதான். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி மூலத்தோடு ஒத்துப் பார்ப்பார், பிறகு ஆங்கிலத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்றாமவர் தமிழை மட்டும் உரக்கப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் மூவரும் தனித்தனியாகச் சரி சொல்ல வேண்டும், ஒரு சரி குறைந்தாலும் அந்த வாக்கியத்தைப் பிரித்து மறுபடி கட்டுவோம். மூன்று சரி விழாத வாக்கியம் எதுவும் எங்கள் படியை விட்டு இறங்கியதில்லை. மூலத்தில் இருப்பதை விடக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பதை நாங்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை. மூச்சுவிடுவதைப் பற்றி யாரும் பேசி முடிவெடுப்பதில்லை.

ஒரு வருஷத்தில் எங்கள் மூவரின் நடையும் ஒன்றாகிப்போனது. எந்தப் பத்தி யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. முந்நூறு பக்க வேலையை எட்டு நாளில் முடித்துக் கொடுத்தோம், ஏஜென்சி நாங்கள் கேட்டதைக் கொடுத்தது, இத்ரீஸ் மகளுக்கு நிக்காஹ் பேசினான், குமுதவல்லி கூரைக்கு ஓடு மாற்றினாள்.

ஒரு தொழிற்சாலை வருவதற்கு முன் அதனால் அந்த வட்டாரத்துக்கு என்ன ஆகும் என்று ஆங்கிலத்தில் ஒரு தடித்த அறிக்கை எழுதுவார்கள், அதன் சுருக்கத்தை ஊர்மக்களுக்குத் தமிழில் தர வேண்டும் என்பது சட்டம். அந்தச் சுருக்கங்கள் எங்களிடம் வரத் தொடங்கின. முதலில் வந்தது கூவைக்குறிச்சி என்ற ஊரைப் பற்றியது. அதில், 'திட்ட இடத்திலும் அதைச் சுற்றியும் நீர்நிலைகள் ஏதும் இல்லை' என்று ஒரு வாக்கியம் இருந்தது, நன்றாகவே உட்கார்ந்திருந்தது, மூவரும் சரி சொன்னோம். அது ஒரு செவ்வாய்க்கிழமை. 

புதன்கிழமை காலையில் கூவைக்குறிச்சிப் பெண்கள் குடத்தோடு ஊருணிக்குப் போனார்கள், ஊருணி அங்கே இல்லை. அது வற்றியிருக்கவில்லை, யாரும் மண்ணடித்து மூடியிருக்கவும் இல்லை. எருக்கும் உடைமரமும் முளைத்த தரை, நடுவில் எதுவும் ஒருபோதும் இருந்ததில்லை என்பதுபோல, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மீன்கொத்தி ஒன்று பழக்கத்தில் மேலிருந்து பாய்ந்து தரையில் மோதிச் செத்தது, பெண்கள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

அதன்பின் அந்த ஊர் தன் வேலையைப் பார்த்தது. தண்ணீருக்கு லாரி வந்தது, லாரிக்கு வரிசை வந்தது, வரிசைக்கு ஒரு சண்டை வந்தது. படித்துறையில் எந்தத் தெரு முதலில் இறங்குவது என்று பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்த இரண்டு தெருக்காரர்கள், அந்தப் படித்துறையே இல்லாமல் போனதால் வேறு வழியின்றிப் பேசத் தொடங்கினார்கள். திருவிழா வந்தபோது டிராக்டர் டிரெய்லரில் தெப்பத்தைக் கட்டி, அம்மனை அதில் வைத்து, ஊருணி இருந்த இடத்தை மூன்று முறை சுற்றினார்கள், புழுதி மட்டும் அலையாக எழுந்தது, யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன் அதே ஊருணியில் விழுந்து செத்துப்போன ஒருவர் இருந்தார், அவருடைய மனைவி சண்முகக்கனி அந்த ஊரில் இருந்தாள். ஊருணியே இல்லையென்றால் அவர் எதில் விழுந்தார் என்ற கேள்வி தண்ணீர் வரிசையில் மெல்ல எழுந்து, ஒரு மாதம் வீடு வீடாகப் போய், கடைசியில் அவர் சாகவில்லை, எங்கோ போயிருக்கிறார் என்று முடிந்தது. பெண்கள் அவளுக்குக் குங்குமமும் பூவும் கொண்டுவந்தார்கள். அவள் வைத்துக்கொண்டாள். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போகிறவர்களிடம் அவருடைய அடையாளம் சொல்லி அனுப்பினார்கள், அவள் தினமும் ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டுப் பொங்கினாள்.

ஒரு மத்தியானம் அவள் எங்கள் படியேறி வந்தாள். நெற்றியில் குங்குமம் வியர்வையில் கரைந்திருந்தது.

"நீங்கதான் எழுதுனீகளாமே."

"நாங்க எழுதலம்மா," என்றாள் குமுதவல்லி. "இங்கிலீஷ்ல இருந்ததைத் தமிழ்ல சொன்னோம். அவ்வளவுதான்."

"சரி தாயி. அதுல எங்க வீட்டுக்காரர் எப்ப வாராருன்னு இருக்கா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "அப்படி எதுவும் இல்லம்மா," என்றேன்.

"இல்லைன்னு போட்டுராதீக," என்றாள் அவள், பதற்றமில்லாமல். "ஒண்ணுமே போடாம விட்டுருங்க. போடாம விட்டா நான் பாத்துக்கிடுதேன்."

அவள் இறங்கிப் போன பிறகு இத்ரீஸ் அடுத்த பக்கத்தைப் படித்தான், நாங்கள் சரி சொன்னோம்.

பிறகு பத்துச் சுருக்கங்கள் வந்தன. ஒரு பனங்காடு போனது, மேய்ச்சலுக்குப் போகும் பாதை ஒன்று போனது, வருஷா வருஷம் கழிமுகத்துக்கு வரும் பூநாரைகள் வானத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு வேறு எங்கோ போயின. உங்கள் தமிழில் சுருக்கம் போனால் மக்கள் கூட்டத்தில் எதிர்ப்பே வருவதில்லை என்று ஏஜென்சிக்காரர் போனில் சந்தோஷப்பட்டார், எதிர்க்க அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் ஊருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் தெருவில் வந்தால் ஜனங்கள் கையை நீட்டித் தங்கள் வீட்டு வாசல் நிலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், ஐஸ் உடைப்பவர்கள் நாங்கள் படியேறி முடிக்கும்வரை சம்மட்டியை இறக்காமல் நின்றார்கள். கருவாடும் கருப்பட்டியும் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். விண்ணப்பங்களும் வந்தன.

"எதிர்வீட்டு மாடி எனக்கு வெளிச்சத்தை மறைக்கு," என்றார் ஒருவர். "அது இல்லைன்னு ஒரே ஒரு வரி."

"மூலத்துல வரட்டும் மாமா, பாப்போம்," என்று இத்ரீஸ் சிரித்து அனுப்பினான்.

ஆஸ்பத்திரி இருக்கிறது என்று எழுதக் கேட்டவர்களும் உண்டு. எழுதவில்லை, மூலத்தில் இல்லை. மூன்று பேர் சண்டையில்லாமல் இத்தனை வருஷம் எப்படித் தொழில் செய்கிறீர்கள் என்று இளம் மொழிபெயர்ப்பாளர்கள் வந்து கேட்பார்கள், நான் பொது நோட்டைக் காட்டுவேன், ஸ்கேலைக் காட்டுவேன். ஒன்றைப் பற்றிப் பேசாமல் இருக்க மூவரும் சேர்ந்து பழகியதை மட்டும் காட்டமாட்டேன்.

பன்னிரண்டாவது சுருக்கத்தில் ஊர்ப் பெயர் இல்லை, சர்வே எண்கள்தான் இருந்தன, 214 முதல் 231 வரை. அந்த எண்களை எனக்குத் தெரியும். என் அக்கா முப்பது வருஷமாக உப்பளத்தில் உப்பு வாரிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள், அளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்பத்தோரு வீடுகளில் ஒன்று அவளுடையது, அதற்குப் பட்டா கேட்டு மனு எழுதியவன் நான். ஆங்கிலத்தில், இந்த எண்களுக்குள் குடியிருப்புகள் ஏதும் இல்லை என்று இருந்தது. இத்ரீஸ் அதை எழுதி முடித்திருந்தான், குமுதவல்லி ஸ்கேல் வைத்துப் பார்த்து முடித்திருந்தாள், படிக்க வேண்டியவன் நான்.

"இது எங்க அக்கா வீடு," என்றேன்.

கீழே ஐஸ் நொறுங்கியது. இத்ரீஸ் காயல்பட்டினத்துக்காரன், தன் ஊர் வழக்கப்படி குமுதவல்லியை அக்கா என்னாமல் லாத்தா என்றுதான் கூப்பிடுவான். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"திருப்பி அனுப்பிருவோம் லாத்தா. வேற யாரும் பண்ணட்டும். அவங்க பண்ணா ஒண்ணும் ஆவாது."

"ஏன் ஆவாது?"

அவன் பொது நோட்டை மூடினான்.

"சொல்லு இத்ரீஸ். என்னன்னு எழுதித் திருப்பி அனுப்ப? நாங்க சரி சொன்னா வீடு போயிரும், அதனால முடியாதுன்னா? அப்ப கூவைக்குறிச்சிக்கு என்ன சொல்லுவ? அந்தப் பொம்பளை பூ வச்சிக்கிட்டு வாசல்ல ஒக்காந்திருக்காளே, அதுக்கு யார் யார் சரி சொன்னது?" அவள் குரல் உயரவே இல்லை. "இதுக்கு முடியாதுன்னா, மத்ததுக்கெல்லாம் நாமதான்னு ஆயிரும் அண்ணாச்சி. என்னால அதைத் தூக்கிட்டு நடக்க முடியாது. நாம மொழிபெயர்க்கிற ஆளுங்க. அப்படியே இருந்துட்டுப் போவோம்."

அந்த நேரத்தில் நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருக்கலாம். இரண்டு சரிகளால் எதுவும் ஆகாது. இறங்கவில்லை. அவள் சொன்னது என்னையும் பிடித்துக்கொண்டிருந்தது. அக்காவைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் ஊருணி போனது எங்களால்தான் என்று ஒத்துக்கொள்ளக் கூடாது, இரண்டும் வேண்டும் எனக்கு. அப்போதுதான் சண்முகக்கனி சொன்னது நினைவுக்கு வந்தது. ஒண்ணுமே போடாம விட்டுருங்க.

"சரி, படிக்கேன்," என்றேன்.

ஆங்கிலத்தைக் கவிழ்த்து வைத்தோம். நான் படித்தேன், அவர்கள் சரி சொன்னார்கள், நான் சரி சொன்னேன். நான்காம் பத்தியில் மண்ணின் தன்மை பற்றிய வாக்கியத்தை முடித்ததும் நேராகக் காற்றின் வேகம் பற்றிய வாக்கியத்துக்குப் போனேன், நடுவில் இருந்த வரியைப் படிக்கவில்லை, பிறகு அதை அழித்தும்விட்டேன். குமுதவல்லியின் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு அவள் சரி சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாக மூலத்தில் இருந்த ஒன்றை விட்டிருந்தேன், இது அன்பினால் செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, நேத்துலேந்து தண்ணி லாரி நிக்காமப் போவுது."

வீடு இருக்கிறதா என்று கேட்டேன். "இதென்ன கேள்வி, வீட்டுக்குள்ள நின்னுதான பேசுதேன்," என்றாள்.

வீடுகள் இருந்தன, நாற்பத்தொன்றும் இருந்தன, ஆனால் அவற்றைப் பற்றி யார் மனதிலும் எதுவும் இல்லை. பஸ் அந்த நிறுத்தத்தில் வேகம் குறைக்காமல் போனது, கைகாட்டி நின்றவர்களை டிரைவர் பார்த்தார், பார்வை அவர்களைத் தாண்டி உப்பளத்தில் போய் விழுந்தது. ரேஷன் கடையில் அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு முதலில் கிடைத்தது. மாதா கோயிலில் சாமியார் ஒவ்வொரு தெருவின் பெயராகச் சொல்லி மன்றாடும்போது ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார், பாடகர் குழு அதற்கேற்ற இடத்தில் பாட்டை எடுத்தது. அங்கிருந்தவர்களும் பழகிக்கொண்டார்கள். அடுத்த நிறுத்தம்வரை நடந்து போய், கேட்பவர்களிடம் வேறு ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், கல்யாணப் பத்திரிகையில் ஊர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக அச்சடித்தார்கள், டீக்கடையில் காசை முதலில் வைத்துவிட்டுக் கிளாசைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் காசைப் பார்த்து, யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கல்லாவில் போட்டுக்கொண்டார். அந்தக் குடியிருப்பின் பெயரை இந்தக் கதையில் எழுதத்தான் நான் உட்கார்ந்தேன். நாலைந்து இடத்தில் எழுதினேன், ஒரு இடத்திலும் அது தாளில் நிற்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அங்கே ஜனங்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் குறித்துக்கொடுக்கும் வேலை எங்களுக்கே வந்தது. மேடைக்கு ஓரமாக மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். அக்கா முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்: "நான் போய்ப் பேசுதேன். நீதான எழுதப்போற, எழுதிரு."

அவள் நல்ல சேலை கட்டி, உப்பளத்துக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள், நாற்பத்தோரு வீட்டு ஜனமும் பின்னால் வந்தது. மைக்கைப் பிடித்தாள். "நாங்க அங்கன முப்பத்தாறு வருஷமா இருக்கோம்யா. நாப்பத்தியோரு வீடு. எங்களை வந்து யாரும் எண்ணல. வந்து எண்ணிட்டுப் போங்க, அதுக்கப்புறம் என்னமும் எழுதிக்கிடுங்க." மேடையில் இருந்த அதிகாரி மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்து யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார்.

நான் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன், ஆங்கிலத்தில், ஒரு சொல் கூடாமல் குறையாமல். தாளை நடுவில் வைத்து மெல்லப் படித்துவிட்டு, "சரி," என்றேன்.

இத்ரீஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.  பிறகு, "சரி," என்றான்.

குமுதவல்லி மைக்கைப் பார்த்தாள். என் அக்கா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள், குமுதவல்லியின் கண் அந்தத் தலைப்போடு சேர்ந்து நகர்ந்ததை நான் பார்த்தேன்.

"மைக்ல யாரும் பேசலையே, அண்ணாச்சி," என்றாள்.

"குமுதா."

"பேசுனாங்கன்னா, அப்ப அந்தச் சுருக்கத்தை மறுபடி எடுக்கணும். எடுத்தா வரிக்கு வரி ஒத்துப் பாக்கணும்." அவள் என் பக்கம் திரும்பவில்லை. "ஏதாவது ஒரு வரி கொறஞ்சிருந்தா, சேக்காம விட மாட்டேன். பாக்கவா?"

அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சரி சொல்லியிருக்கிறாள், அது எனக்காகவா, தனக்காகவா என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்டதில்லை. அந்த வரி திரும்ப வந்தால் அக்கா இருக்கமாட்டாள், வராமலிருந்தால் இப்படியாவது இருப்பாள். நாங்கள்தான் ஊருணியை எடுத்தோம் என்று அந்த மைக்கில் நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று நினைக்கவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எழுதுகிறேன் என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

குமுதவல்லி என் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள், புதுத் தாளில் ஒரே வாக்கியம் எழுதினாள்: 'பொதுமக்களிடமிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை.' ஆங்கிலத்தில் அது இன்னும் சுருக்கமாக இருந்தது. அவள் சரி சொன்னாள். இத்ரீஸ், கண்ணை மூடிக்கொண்டு, சரி சொன்னான்.

மூன்றாவது சரியை நான் சொன்னேன்.

இப்போது நாங்கள் முன்பைவிட நன்றாக வேலை செய்கிறோம், வேலை கேட்டுப் பிற மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். சர்வே எண் 214-இல் மதில் எழும்பத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. கொத்தனார்கள் அக்கா வீட்டு அடுப்படிக்கு நடுவே நூல் பிடித்துக் கல் வைக்கிறார்கள், அவர்களுக்கு அங்கே வெறும் தரைதான் தெரிகிறது, அவள் அவர்களுக்குக் குறுக்கே போகாமல் ஒதுங்கி நின்று சமைக்கிறாள். அடுப்பு அந்தப் பக்கமாகிவிட்டது, நான் உட்காரும் பலகை இந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, உப்பளத்து வரப்பு வழியாக நடந்து போகிறேன். போன வாரம் சுவர் அவள் கண் உயரத்துக்கு வந்திருந்தது. அவள் நுனிக்காலில் எக்கி, சோற்றுத் தட்டை மேலே தூக்கி இந்தப் பக்கம் நீட்டினாள், நான் வாங்கிக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு கல் ஏறுனா எனக்கு எட்டாது தம்பி," என்றாள். "அடுத்த வாரம் வெள்ளனமே வந்துரு."